குழாய் புதைக்கும் முன் தண்ணீருக்கு ஓர் ஒத்திகை

(வானொலி வேளாண் ஒலிபரப்பில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயத்தின் பேரைச் சொன்னதுமே சிலர் ரேடியோவை வேறு பக்கம் திருப்பிவிடலாம். குழாய்க்குள் தண்ணீர் எப்படி ஓடும் என்பதைக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது, அதைக் கொண்டு ஊர்க் குடிநீர் வசதியைச் சரிசெய்வது. இதுதான் விஷயம். "டேங்க் இருக்குது, மோட்டார் இருக்குது, வீட்டுக்கு வீடு குழாயும் போட்டாச்சு. ஆனா கடைசித் தெருவுக்குத் தண்ணி ஏறலே. இதுல கம்ப்யூட்டர் வந்து இன்னா பண்ணப்போவுது?" என்று கேட்பீர்கள். அந்தக் கடைசித் தெருவைப் பற்றியேதான் இன்றைய பேச்சு.

திருத்தணி வட்டாரத்துக்காரர்களுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். அங்கே தரை ஒரே சீராக இல்லை. முருகன் கோயில் இருக்கிற மலை ஒரு பக்கம்; ஆர்.கே. பேட்டை, பள்ளிப்பட்டு என்று ஆந்திர எல்லை வரைக்கும் கரடும் பாறையும் மறுபக்கம். நடுநடுவே ஏரி, ஏரிக்குக் கீழே கழனி. ஊர் ஒரு சரிவில் இருக்கும், காலனி எதிர் மேட்டில் இருக்கும். போர் போட்டது ஏரிக்கரை ஓரத்தில். டேங்க் கட்டியது எங்கே புறம்போக்கு கிடைத்ததோ அங்கே. இப்படி அமைந்த ஊரில் தண்ணீர் எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரி போகும் என்று எதிர்பார்க்க முடியுமா?

தலைமடை, கடைமடை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டிய சங்கதி இல்லை. ஏரி மதகைத் திறந்தால் தலைமடைக்காரர் கழனி ரொம்பி வழியும். கடைமடைக்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்து வருவார். எங்கே உடைப்பு, எங்கே அடைப்பு, யார் திருப்பிக்கொண்டார் என்பதை அவர் கண்ணால் பார்த்துவிடலாம். குழாயில் அந்த வசதி கிடையாது. எல்லாம் மண்ணுக்குள்ளே நடக்கிறது. கடைமடை வீட்டுக்காரர் என்ன செய்வார்? டேங்க் ஆபரேட்டரைத் திட்டுவார். ஆபரேட்டர் பஞ்சாயத்துத் தலைவரைக் காட்டுவார். தலைவர், "பெரிய மோட்டார் கேட்டு எழுதியிருக்கேன்" என்பார். மண்ணுக்குள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்பதை மூன்று பேரில் ஒருவரும் பார்த்ததில்லை.

குழாயில் ஓடும் தண்ணீர் சும்மா ஓடுவதில்லை. குழாயின் உள்சுவரோடு உராய்ந்துகொண்டே ஓடுகிறது. அந்த உராய்வுக்கு ஒவ்வொரு மீட்டருக்கும் கொஞ்சம் அழுத்தத்தைச் சுங்கமாகக் கட்டிவிட்டுத்தான் மேலே போகிறது. டேங்க் உயரத்தில் இருப்பதால் கிடைக்கிற அழுத்தம்தான் தண்ணீரின் கைமுதல். 10 மீட்டர் உயரத்துக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைமுதலுக்கு மேலே சுங்கம் போனால் தண்ணீர் பாதி வழியிலேயே நொண்டியாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். டேங்கின் அடிமட்டம் தரையிலிருந்து 12 மீட்டர், அதாவது சுமார் 40 அடி உயரம். அங்கிருந்து 600 மீட்டர் தூரத்தில் ஒரு காலனி, 100 வீடு. டேங்க் நிற்கிற தரையைவிடக் காலனித் தரை 3 மீட்டர் மேடு. வீட்டுக்கு 5 பேர் என்று வைத்து, ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று பார்த்தால் 27,500 லிட்டர் வேண்டும். இந்த 55 லிட்டர் என் சொந்தக் கணக்கு இல்லை. 2019 ஆகஸ்டு 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமத்துக்கு வைத்த அளவு. தண்ணீர் விடுவது காலையில் ஒரு மணி நேரம். போட்டிருப்பது 90 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப், அதன் உள்விட்டம் சுமார் 84 மில்லிமீட்டர் இருக்கும்.

கைமுதல் என்ன? 12 மீட்டரில் மேடு 3 மீட்டரைக் கழித்தால் 9 மீட்டர். ஒரு மணி நேரத்தில் 27,500 லிட்டர் போகவேண்டுமானால், புதுக் குழாயிலேயே 600 மீட்டருக்குச் சுங்கம் சுமார் 14 மீட்டர் ஆகிறது. ஒன்பது ரூபாயை வைத்துக்கொண்டு பதினாலு ரூபாய் சாமான் கேட்கிற கதை. அதனால் கேட்ட அளவு தண்ணீர் வராது. வருகிற கொஞ்சத்தையும் காலனி முனையில், தாழ்வில் இருக்கிற வீடுகள் பிடித்துக்கொள்ளும். மேட்டு வீட்டில் குழாயைத் திறந்தால் காற்றுதான் ஊதும். ஆபரேட்டர் மேலே தப்பு இல்லை, மோட்டார் மேலேயும் தப்பு இல்லை. குழாய் புதைத்த அன்றைக்கே அந்த வீட்டுக்குத் தண்ணீர் இல்லை என்று எழுதியாகிவிட்டது.

பெரிய மோட்டார் வாங்கினால் சரியாகிவிடுமா? டேங்க் சீக்கிரம் ரொம்பும், அவ்வளவுதான். டேங்கிலிருந்து வீட்டுக்கு வருகிற தண்ணீர் உயரத்தால் வருகிறது, மோட்டாரால் வருவதில்லை. மோட்டார் 5 எச்.பி.யாக இருந்தாலும் 10 எச்.பி.யாக இருந்தாலும் டேங்கின் உயரம் அதேதான். இதைப் பல ஊரில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது. மனுவில் முதல் வரியாக இன்னமும் பெரிய மோட்டார்தான் வருகிறது.

வேறு என்ன வழி? ஓட்டம் இரண்டு மடங்கானால் சுங்கம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, சுமார் 3.6 மடங்காகிறது. குழாய் விட்டம் பாதியானால் அதே ஓட்டத்துக்குச் சுங்கம் 29 மடங்கு. இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டால் வழி தானே தெரியும். காலனியை ஒரு வால்வு போட்டு இரண்டு பாதியாகப் பிரித்து, 50 வீட்டுக்கு ஒரு மணி, மற்ற 50 வீட்டுக்கு அடுத்த மணி என்று விட்டால் ஓட்டம் பாதியாகிறது. சுங்கம் 14 மீட்டரிலிருந்து சுமார் 4 மீட்டருக்கு இறங்குகிறது. கையில் 5 மீட்டர் மிச்சம். நீங்கள் கழனியில் முறை வைத்துப் பாய்ச்சுகிற அதே வேலைதான். அல்லது பைப்பை 110 மில்லிமீட்டராக மாற்றினால் ஒரே மணியில் விட்டாலும் சுங்கம் சுமார் 5 மீட்டர்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தால் சுங்கம் ஒன்றரை மீட்டருக்கும் கீழே. மிச்சம் ஏழரை மீட்டர். ஒரு தள வீட்டுக்கு 7 மீட்டர் அழுத்தம் வேண்டும் என்று நகரங்களுக்காக மத்திய அரசின் 1999-ஆம் வருஷத்துக் குடிநீர்க் கையேடு சொல்கிறது. அந்த மேட்டுக் காலனிக்கு அதுவே கிடைத்துவிடுகிறது பாருங்கள். ஒரு வால்வுக்கு ஆகும் செலவு எங்கே, புது மோட்டாருக்கு ஆகும் செலவு எங்கே!

சரி, இதற்கு ஏன் கம்ப்யூட்டர்? பென்சிலே போதுமே என்பீர்கள். ஒரே குழாய், ஒரே காலனி என்றால் பென்சில் போதும். ஆனால் ஊர்க் குழாய் அப்படி இல்லை. பிள்ளையார் கோயில் தெருவில் ஒரு கிளை, பஜாரில் இரண்டு கிளை, போன வருஷம் புதுசாக மனை போட்ட இடத்துக்கு ஒரு இழுப்பு. சில இடத்தில் இரண்டு குழாய் சுற்றி வந்து ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். இப்படிச் சேர்ந்த இடத்தில் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வருகிறது என்பதுதான் சிக்கல்.

இதற்கு இரண்டே சட்டம்தான். முதல் சட்டம் வரவு செலவு: ஒரு கூட்டு முனைக்கு வந்த தண்ணீரும் அங்கிருந்து போன தண்ணீரும் சமமாக இருக்கவேண்டும். இரண்டாவது சட்டத்துக்குத் திருத்தணி மலையையே உதாரணமாகச் சொல்லலாம். அடிவாரத்திலிருந்து சந்நிதிக்கு 365 படியேறியும் போகலாம், பஸ் போகிற மலைப்பாதை வழியாகவும் போகலாம். எந்த வழியில் போனாலும் மொத்தம் ஏறிய உயரம் ஒன்றுதான். அது போல, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு இரண்டு குழாய் வழி இருந்தால் இரண்டு வழியிலும் கட்டுகிற மொத்தச் சுங்கம் ஒன்றாகவே இருக்கும். அப்படி ஒன்றாகும்படிதான் தண்ணீர் தன்னைத் தானே பங்கு பிரித்துக்கொள்கிறது.

இந்தப் பங்கைக் கணக்கால் கண்டுபிடிக்க, அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹார்டி கிராஸ் என்ற என்ஜினீயர் 1936-ல் ஒரு வழி சொன்னார். முதலில் தோராயமாக ஒரு பங்கு போட்டுக்கொள்வது. சுங்கம் எங்கே இடிக்கிறதோ அங்கே கொஞ்சம் திருத்துவது. மறுபடி பார்ப்பது, மறுபடி திருத்துவது. எடை போடும்போது தட்டில் ஒரு பிடி போட்டும் எடுத்தும் முள்ளை நடுவில் நிறுத்துகிற மாதிரி. கையால் போட்டால் நடுத்தரமான ஒரு ஊருக்கே நாள்கணக்கில் ஆகும். ஒரு குழாயை மாற்றினால் திரும்ப முதலிலிருந்து. அதனால் என்ன ஆயிற்று? பழைய காலத்தில் ஒரே ஒரு திட்டத்துக்குக் கணக்குப் போட்டு, அதோடு கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வேறு மாதிரி செய்தால் என்ன ஆகும் என்று கேட்கவே நேரம் இருக்காது. கம்ப்யூட்டர் இதைக் கண் சிமிட்டுகிற நேரத்தில் போடுகிறது. ஆகவே இருபது விதமாகக் கேட்டுப் பார்க்கலாம்.

கூத்து கட்டுகிறவர்கள் மேடையேறும் முன் ஒத்திகை பார்ப்பார்கள் அல்லவா? அந்த மாதிரி தண்ணீருக்கு ஒத்திகை. இந்த ஒத்திகை உங்கள் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. நகரியிலிருந்தும் பள்ளிப்பட்டு வழியாகவும் வருகிற வெள்ளமெல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் கட்டி முடிக்கப்பட்டது. சத்தியமூர்த்தி சாகர் என்று பேர். அந்தப் பூண்டியிலேயே பொதுப்பணித் துறையின் நீரியல் ஆராய்ச்சி நிலையம் அந்த நாற்பதுகளிலேயே தொடங்கியது. அணை கட்டும் முன், அதைப் போலச் சின்னதாக ஒரு அணையைத் தரையில் கட்டி, தண்ணீரைத் திறந்து விட்டு, எங்கே கரை அரிக்கிறது, எங்கே சுழி விழுகிறது என்று பார்ப்பார்கள். ஐம்பதில் ஒரு பங்கு அளவில் மாதிரி கட்டினால், நிஜத்தில் ஒரு மணி நேரம் ஓடுகிற வெள்ளம் மாதிரியில் எட்டரை நிமிஷத்தில் ஓடி முடிந்துவிடும். அதற்கும் கணக்கு உண்டு. செங்கல்லும் சிமென்டும் கொண்டு செய்த அந்த ஒத்திகையை இப்போது எண்களைக் கொண்டு கம்ப்யூட்டருக்குள் செய்கிறார்கள். இன்றைக்கும் பெரிய வேலைக்கு இரண்டையும் செய்து ஒத்துப் பார்ப்பதுதான் நல்ல என்ஜினீயருக்கு அழகு.

குழாய்க் கணக்குக்கு உலகமெல்லாம் புழங்குவது எபாநெட் என்ற கம்ப்யூட்டர் புரோகிராம். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை 1993-ல் வெளியிட்டது. காசு இல்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டிலேயே பம்பாய் ஐ.ஐ.டி.யில் ஜல்தந்த்ரா என்று ஒன்று செய்திருக்கிறார்கள். அது கிராமத்துக் குழாய்களுக்கென்றே செய்தது. எந்தத் துண்டுக்கு எந்த அளவுப் பைப் போட்டால் எல்லா வீட்டுக்கும் அழுத்தம் கிடைத்து, மொத்தச் செலவும் குறையும் என்று அது எடுத்துக் கொடுக்கும். படிக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், நான் மேலே சொன்ன காலனிக் கணக்கை எபாநெட்டில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சாயங்காலத்து வேலைதான்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான சங்கதி இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு உங்கள் ஊர் தெரியாது. தரை மேடா பள்ளமா, குழாய் இரண்டு அங்குலமா மூன்று அங்குலமா, வீடு எத்தனை என்று நாம் சொன்னதை அப்படியே நம்பும். ஆபீசில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துத் தரைமட்டத்தைப் போட்டுவிட்டால், கரட்டு மேட்டில் இருக்கிற பத்து வீடு சமதரையில் இருப்பதாகவே கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்ளும். "அழுத்தம் போதும்" என்று பதில் சொல்லும். காகிதத்தில் எல்லாம் சரி. மேட்டு வீட்டில் குடம் காலி. கடைசித் தெரு என்பது அநேகமாக யாருடைய தெரு என்று நான் விளக்கத் தேவையில்லை. அளவெடுக்க வருகிறவர் டீக்கடையோடு திரும்பிவிட்டால் விட்டுப்போவதும் அந்தத் தெருதான். ஆகவே அளவெடுக்கிற நாளில் அந்தத் தெருக்காரர் ஒருவர் கூடவே நடக்கவேண்டும்.

அளவுகளில் பலவற்றை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளலாம். தரைமட்டத்துக்குக் கொத்தனாரிடம் இருக்கிற தண்ணி லெவல் டியூப் போதும். டேங்க் காலிலிருந்து தொடங்கி, இருபது மீட்டர், இருபது மீட்டராக மட்டம் பிடித்துக்கொண்டே கடைசி வீட்டு வாசல் வரை போய், ஏற்றம் இறக்கத்தைக் கூட்டிக் கழித்து எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு ஒரு 15 லிட்டர் குடமும் கடிகாரமும் வேண்டும். தண்ணீர் விடும் நேரத்தில் முதல் தெரு, நடுத் தெரு, கடைசித் தெரு மூன்றிலும் ஒரே சமயத்தில் குடம் ரொம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். நம் கணக்குப்படி வீட்டுக்கு ஒரு மணியில் 275 லிட்டர் வரவேண்டுமானால், ஏறக்குறைய மூணே கால் நிமிஷத்துக்கு ஒரு குடம் ரொம்பவேண்டும். முதல் தெருவில் ஒரு நிமிஷம், கடைசித் தெருவில் பத்து நிமிஷம் என்றால் நோய் எங்கே என்று தெரிந்துபோயிற்று.

அழுத்தம் பார்க்க மீட்டர் இல்லாவிட்டால் பரவாயில்லை. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் ஓஸ் ஒன்றைக் குழாய் வாயில் ஒழுகாமல் இறுக்கிக் கட்டி, மறுமுனையை ஒரு மூங்கிலோடு சேர்த்துத் தூக்கி நிறுத்துங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறதோ அதுதான் அந்த வீட்டு அழுத்தம். மூங்கிலையும் தாண்டி வழிந்தால் அந்த வீட்டுக்குக் குறையில்லை. முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டால் அந்த எண்ணைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். என்ஜினீயர் தன் கம்ப்யூட்டர் சொல்கிற அழுத்தத்தையும் நீங்கள் மூங்கிலில் பார்த்த அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்தக் கணக்கை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ மூடிக் கிடக்கிற வால்வு இருக்கும், அல்லது யாருக்கும் தெரியாத ஒரு இணைப்பு இருக்கும், அல்லது குழாய்க்குள் உப்புப் படிந்திருக்கும். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்புப் படிவது சகஜம். 84 மில்லிமீட்டர் குழாயில் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் படிந்தாலே சுங்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அப்படிப்பட்ட இடத்தைத் தோண்டிப் பார்க்காமலே காட்டிக் கொடுப்பதில் கம்ப்யூட்டர் கெட்டிக்காரன்.

அதன் குறையையும் சொல்லிவிடவேண்டும். எபாநெட் போன்றவை குழாய் எப்போதும் தண்ணீரால் நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகின்றன. நம் ஊரில் அப்படியா? ஒரு மணி நேரம் விட்டு, 23 மணி நேரம் காயப்போடுகிறோம். தாழ்வான வீட்டில் திறந்து கிடக்கும் குழாய் வழியாக எல்லாம் வடிந்துவிடுகிறது. அந்த 600 மீட்டர் குழாய் மறுபடி நிரம்பவே சுமார் 3,300 லிட்டர் வேண்டும். அதற்கே ஏழெட்டு நிமிஷம் போய்விடும். மேட்டில் காற்று வேறு அடைத்துக்கொள்ளும்; காற்று வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போக முடியாமல் திணறும். இதையெல்லாம் கூட்டிச் சொல்லத் தெரிந்தவர் போடுகிற கணக்கும், வெறுமனே பொத்தானைத் தட்டுகிறவர் போடுகிற கணக்கும் ஒன்றாகாது.

இன்னொரு வேண்டாத பழக்கம், வீட்டுக் குழாயிலேயே சின்ன மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது. தண்ணீர் வரவில்லை என்ற ஆத்திரத்தில்தான் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் ஒரு தெருவில் நாலு மோட்டார் ஓடினால் அதற்கு அப்பால் உள்ள வீட்டில் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே போவதைக் கணக்கிலே பார்க்கலாம். அப்போது குழாய் தண்ணீரை வெளியே தள்ளாது. வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். சாக்கடை ஓரத்தில் ஒரு இணைப்பு விரிந்திருந்தால் சாக்கடையும் குடிதண்ணீரோடு வரும். மழைக்காலத்தில் ஒரே தெருவில் பத்துக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் குழாயைத்தான் பார்க்கவேண்டும்.

டேங்கில் போட்ட குளோரின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கிறதா என்பதையும் இந்தப் புரோகிராமிலேயே பார்க்கலாம். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து டாம்ஸ் ரிவர் ஊர்க் கதையைச் சொல்லவேண்டும். அங்கே பல குழந்தைகளுக்குப் புற்றுநோய் வந்தது. ஊர்க் கிணறுகள் சிலவற்றில் ரசாயனம் கலந்திருந்தது தெரிந்தது. எந்த வீட்டுக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் எந்த மாதத்தில் போயிற்று என்பதை யார் சொல்லமுடியும்? அரசு சுகாதாரத் துறையினர் பழைய குழாய், பம்ப்புக் குறிப்புகளையெல்லாம் திரட்டி, எபாநெட்டில் போட்டு, 1962 முதல் 1996 வரை மாதம் மாதமாக அந்த ஓட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். பெற்றவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் தேட அதுதான் வழியாக இருந்தது. அந்த ஊரில் பம்ப்பு ஓட்டிய கணக்கை எழுதி வைத்திருந்ததால் அது முடிந்தது. நம் டேங்க் ஆபரேட்டர் நோட்டில் மோட்டார் போட்ட நேரமும் நிறுத்திய நேரமும் எழுதுகிறாரா என்று ஒரு நாள் பாருங்களேன்.

குழாயில் ஓடுவதைப் போலவே மண்ணுக்குள் ஊறுகிற தண்ணீருக்கும் கணக்கு உண்டு. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1984-ல் கொண்டுவந்த மாட்ஃப்ளோ என்ற புரோகிராம் அதற்கு. பூண்டியைத் தாண்டிக் கீழே போகிற கொசஸ்தலையாற்றின் கடைசிப் பக்கம் மீஞ்சூர். சென்னைக்காகவும் பாசனத்துக்காகவும் அந்தப் பக்கத்தில் நிலத்தடி நீரை இழுத்ததில் கடல் உப்பு உள்ளே ஏறியது. 1969-ல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, 1983-ல் சுமார் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. எவ்வளவு இறைத்தால் உப்பு எவ்வளவு நகரும், எங்கே தடுப்பணை கட்டினால் எவ்வளவு ஊறும் என்று அண்ணா பல்கலைக்கழகத்தார் அந்த ஆற்றுப் படுகைக்குக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இந்த மாதிரிக் கணக்குக்கு முதல் சரக்கு விவசாயிகளின் கிணற்று நீர்மட்டம். நாடாவோடு வந்து கிணற்றை அளக்கிறவரை, "ஏதோ வரி போட வந்திருக்கான்" என்று விரட்டிவிடாதீர்கள்.

திருத்தணி நகரத்துக்கு வேறு ஒரு சிரமம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு லட்சக்கணக்கான ஜனம் வந்து இறங்கும். டிசம்பர் 31 இரவு திருப்படித் திருவிழாவுக்கும் அப்படியே. சாதாரண நாளுக்குப் போட்ட குழாய் அன்றைக்கு என்ன ஆகும்? அடிவாரத்தில் எல்லாக் குழாயையும் திறந்தால் சரிவில் இருக்கிற வீடுகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. எந்த வால்வைப் பாதி மூடுவது, எந்த நேரத்தில் லாரித் தண்ணீரை எந்தத் தொட்டியில் இறக்குவது என்பதைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிடலாம். கூட்டத்துக்கு நடுவில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடுவதைவிட அது மேல்.

கடைசியாக உங்கள் சொந்தக் கழனிக்கு ஒரு வார்த்தை. போரிலிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்கிற வேர்க்கடலைக் கொல்லைக்கு, விநாடிக்கு 4 லிட்டர் ஓட்டத்தைக் கொண்டுபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 63 மில்லிமீட்டர் பைப் போட்டால் சுங்கம் சுமார் 13 மீட்டர். 75 மில்லிமீட்டர் போட்டால் சுமார் 5 மீட்டர். அந்த 8 மீட்டரை உங்கள் மோட்டார் தினமும் சும்மா தூக்கிக்கொண்டிருக்கிறது. விவசாய மின்சாரத்துக்குப் பில் வராததால் நமக்கு அது உறைப்பதில்லை. ஆனால் மூன்று முனை மின்சாரம் இருக்கிற நேரத்துக்குள் எத்தனை பாத்தி பாய்கிறது என்பதில் அது தெரியும். சொட்டுநீர் போடுகிறவர்கள் கம்பெனி ஆள் வரும்போது, "கடைசி லேட்டரலில் எவ்வளவு அழுத்தம் வரும், கணக்கைக் காட்டு தம்பி" என்று கேளுங்கள். நல்ல கம்பெனி என்றால் காகிதத்தை எடுத்து நீட்டுவான். "எல்லாம் வரும் ஐயா" என்று வாயால் சொன்னால் இன்னொரு கம்பெனியையும் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஊர்க் குழாய்க்கும் இதே கேள்வியைக் கேட்க இடம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 கிராம சபைகளோடு, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-லும் நவம்பர் 1-லும் கூட்டம் உண்டு. புதுக் குழாய்த் திட்டம் தீர்மானத்துக்கு வரும்போது மூன்று காகிதம் கேளுங்கள். ஒன்று, குழாய் அளவோடு கூடிய ஊர் வரைபடம். இரண்டு, ஒவ்வொரு தெரு முனைக்கும் தரைமட்டம். மூன்று, எல்லாத் தெருவிலும் ஒரே நேரத்தில் குழாய் திறந்திருக்கும்போது ஒவ்வொரு முனையிலும் என்ன அழுத்தம் என்ற பட்டியல். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டிருந்தால் மூன்றாவது காகிதம் அதிலிருந்தே அச்சாகி வரும். தனியாக உழைப்பு இல்லை. பட்டியலில் முதல் வரியை விட்டுவிட்டு, ஆகக் குறைந்த அழுத்தம் எந்தத் தெருவுக்கு என்று தேடிப் படியுங்கள். அந்தத் தெருக்காரர் கூட்டத்தில் இருந்தால், பள்ளம் வெட்டும் முன்னாலேயே அவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.